எழாத ஹெட்லைட்டைச் சரிசெய்வது: பாப்-அப் விளக்குப் பொறிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காரின் மூக்குக்குள் மறைந்திருந்து, சுவிட்சைப் போட்டால் மேலெழும் விளக்குதான் பாப்-அப் ஹெட்லைட். அது எழவில்லை என்றதும் பழி அதைத் தூக்கும் மோட்டாரின் தலையில் விழும். ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ எந்தப் பட்டறைக்குக் கொண்டுபோனாலும் முதலில் கழற்றப்படுவதும் அதுதான். கழற்றி மேசையில் வைத்து பேட்டரியைத் தொட்டால் மோட்டார் ஜம்மென்று ஓடும். பிறகு எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

கோளாறு பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் இருக்கும். ஒன்று, மோட்டாருக்கு வந்து சேரும் மின்சாரம். மற்றொன்று, மோட்டார் தூக்க வேண்டிய சுமை. அதனால் இங்கே சொல்லும் வரிசையில் மோட்டாரைத் திறப்பது கடைசிக்குச் சற்று முன்புதான் வரும். அந்த வரிசையை மாற்றாதீர்கள். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குக் கைத்திறன் போதுமான அளவு இருக்கிறது. அவசரத்தில் எட்டாவது படியை முதலில் செய்துவிடுகிறார்கள்.

1989 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 காரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். டொயோட்டா எம்ஆர்2 போல, பக்கத்துக்கு ஒரு மோட்டார் உள்ள ஜப்பானியக் கார்களுக்கு ஏறத்தாழ அப்படியே பொருந்தும். போர்ஷே 944-இல் ஒரே மோட்டார் ஒரு தண்டின் வழியாக இரண்டு விளக்குகளையும் தூக்குகிறது. அதில் ஒரு பக்கம் மட்டும் எழாவிட்டால் ஒயரைத் தேட வேண்டாம், தண்டைப் பாருங்கள். 1968 முதல் 1982 வரையிலான கார்வெட், பழைய லோட்டஸ் எலான் இரண்டிலும் விளக்கைத் தூக்குவது எஞ்சினின் வெற்றிட உறிஞ்சல். அவற்றுக்கு இந்த வழிகாட்டி உதவாது.

1. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

மல்டிமீட்டர் ஒன்று வேண்டும். அதோடு 12 வோல்ட், 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர்களைப் பற்றவைத்துச் சோதனை விளக்காக்கிக்கொள்ளுங்கள். எல்.இ.டி. சோதனைப் பேனா வேண்டாம். அறுந்துபோன ஒயரில் மிஞ்சிய ஒற்றை இழை வழியாகக்கூட எல்.இ.டி. பளிச்சென்று எரிந்து உங்களை ஏமாற்றும். 21 வாட் பல்பு ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுக்கும். வழி பலவீனமாக இருந்தால் மங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஸ்பேனர் ஜப்பானியக் காருக்கு 8, 10, 12 மி.மீ. போதும். ஜெர்மன் கார் என்றால் 13 சேர்த்துக்கொள்ளுங்கள்.

திருப்புளி விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஜப்பானிய ஸ்க்ரூவின் தலையில் உள்ள கூட்டல் குறிப் பள்ளமும் கடையில் கிடைக்கும் நட்சத்திரத் (ஃபிலிப்ஸ்) திருப்புளியும் பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருந்தாலும் அளவு வேறு. ஃபிலிப்ஸ் முனை பள்ளத்தின் அடிவரை இறங்காது. அழுத்தித் திருப்பினால் மேலேறி வழுக்கி, தலையை மழித்துவிடும். ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தர அளவு) முனை என்று கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஃபிலிப்ஸ் முனையின் நுனியை அரத்தால் ஒரு மயிரிழை தேய்த்துக் குறைத்தால் உள்ளே உட்காரும். மோட்டார் மூடியின் ஸ்க்ரூக்கள் முப்பது வருடத் துருவில் ஊறியவை. அவற்றின் தலை போய்விட்டால் ஒரு மணி நேர வேலை ஒரு நாள் வேலையாகிவிடும்.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், துரு இளக்கும் எண்ணெய், லித்தியம் கிரீஸ், சிலிக்கான் கிரீஸ், மெல்லிய உப்புத்தாள் ஆகியவை வேண்டும். இவற்றையும் டெல்ரின் (ஒரு வகைக் கெட்டிப் பிளாஸ்டிக்) தண்டு, ஓ-ரிங், ஸ்டெயின்லெஸ் போல்ட்டு போன்றவற்றையும் மண்ணடியிலும் பாரிமுனையைச் சுற்றிய தெருக்களிலும் ஒரே நடையில் வாங்கிவிடலாம். பழைய மோட்டாரே கிடைக்குமா என்று புதுப்பேட்டையில் தேடலாம். ஆனால் இந்தக் கார்களின் பாகம் அங்கே கண்ணில் படுவது அதிர்ஷ்டம். இருப்பதைச் சரிசெய்யும் எண்ணத்தோடு தொடங்குவதே நல்லது.

இரண்டு டப்பாக்களை எடுத்து ஒன்றில் இடது, மற்றொன்றில் வலது என்று எழுதி வையுங்கள். இரண்டு பக்க லிங்குகளும் (விளக்கைத் தூக்கும் இணைப்புக் கம்பிகள்) ஒன்றுபோல் தெரியும். மாற்றிப் போட்டால் விளக்கு ஒரு பக்கம் சற்று உயர்ந்து நிற்கும், காரணமும் எளிதில் பிடிபடாது.

2. பொறி எப்படித் தூக்குகிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

மோட்டாரின் அச்சில் ஒரு வார்ம், அதாவது திருகுப் பல், இருக்கிறது. அது ஒரு பெரிய பல்சக்கரத்தை மெதுவாகச் சுற்றுகிறது. சக்கரத்தின் வெளி அச்சில் கிராங்க் எனப்படும் குட்டையான கை. அந்தக் கையிலிருந்து ஒரு லிங்க் விளக்குக் கூட்டுக்குப் போகிறது. கிராங்க் அரைச் சுற்றுச் சுற்றினால் விளக்கு எழும். அதே திசையில் அடுத்த அரைச் சுற்றில் இறங்கும். மோட்டார் பின்னோக்கிச் சுற்ற வேண்டிய அவசியமே இல்லை.

எழுந்து நின்றதும் கிராங்கும் லிங்கும் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் வந்துவிடும். எதிர்க்காற்று விளக்கை எவ்வளவு அழுத்தினாலும் அந்த அழுத்தத்தால் கிராங்கைச் சுற்ற முடியாது. வார்மும் தன் பங்குக்கு விடாது. மோட்டார் சக்கரத்தைச் சுற்றலாம், சக்கரம் மோட்டாரைச் சுற்றாது.

இதனால்தான் பாதியில் நிற்கும் விளக்கைக் கையால் பிடித்துத் தூக்கக் கூடாது. புதியவர்கள் செய்யும் பிழைகளில் மிகச் செலவு வைப்பது இதுதான். நீங்கள் கொடுக்கும் விசை முழுவதும் போக வழியில்லாமல் ஒரு பல்லின் மேலோ லிங்கின் மூட்டின் மேலோ இறங்கும். இரண்டில் ஒன்று போகும்.

எங்கே நிற்பது என்று மோட்டாருக்குச் சொல்வது உள்ளே இருக்கும் ஒரு செம்புத் தட்டு. இதே ஏற்பாடு வைப்பர் மோட்டாரிலும் உண்டு; சுவிட்சை அணைத்தாலும் வைப்பர் கண்ணாடியின் அடியில் வந்துதான் நிற்கிறது அல்லவா. உங்கள் ஆட்டோ எலக்ட்ரீஷியன் இந்த மாதிரிக் காரைப் பார்த்ததே இல்லை என்று தயங்கினால், வைப்பர் மோட்டாரின் பார்க்கிங் போலத்தான் என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லில் அவருக்கு முக்கால்வாசி விளங்கிவிடும்.

3. அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்

முதலில் பேட்டரியை முழுதாக ஏற்றுங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். எம்எக்ஸ்-5-இல் பேட்டரி டிக்கியில் இருக்கிறது. அதன் வாயு வெளியே போக ஒரு குழாய் உண்டு. இங்கே மாற்றப்பட்ட பேட்டரிகளில் அந்தக் குழாய் இணைக்கப்படாமல் தொங்குவதை அடிக்கடி பார்க்கிறேன். ஹெட்லைட்டுக்குச் சம்பந்தமில்லை என்றாலும் டிக்கியைத் திறந்த கையோடு அதையும் பார்த்துவிடுங்கள்.

ஒருவர் சுவிட்சிடம் உட்காரட்டும், மற்றவர் காரின் மூக்குக்குப் பக்கவாட்டில் நிற்கட்டும். விளக்கின் மேல் குனிய வேண்டாம். எழவில்லையா, எரியவில்லையா என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டும் வேறு வேறு மின்சுற்றுகள். எம்எக்ஸ்-5-இல் எரியவிடாமல் தூக்க மட்டும் தனிப் பொத்தான் இருப்பதால் இது எளிது.

இரண்டும் அசையவில்லை என்றால் ஃபியூஸ், சுவிட்ச், பொதுவான எர்த். ஐந்தாம் படி போதும். ஒன்று எழுந்து மற்றொன்று எழவில்லை என்றால் அந்தப் பக்கத்து இணைப்பானிலிருந்து தொடங்குங்கள். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டும் விளக்கு அசையவில்லை என்றால் லிங்க் கழன்றிருக்கிறது, கிராங்க் நட்டு தளர்ந்திருக்கிறது, அல்லது பல் போயிருக்கிறது. 1984 முதல் 1996 வரையிலான கார்வெட்டில் இந்த அறிகுறி வந்தால் பல்சக்கரத்துக்குள் இருக்கும் சிறு பிளாஸ்டிக் உருளைகள் பொடிந்துவிட்டன என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லிவிடலாம்.

முக்கி முனகி எழுகிறதா? கீல் இறுகியிருக்கிறது, அல்லது வோல்ட் குறைகிறது. நிற்காமல் எழுந்து இறங்கி, எழுந்து இறங்கிக் கண்சிமிட்டுகிறதா? செம்புத் தட்டு. எழுந்து நின்றபின் திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் மேடுபள்ளத்தில் ஒளி தடதடவென்று ஆடுகிறதா? மூட்டுகளில் இருக்கும் பிளாஸ்டிக் வளையமான புஷ் தேய்ந்திருக்கிறது.

ஒரு விளக்கு மற்றதைவிடக் கண்ணிமைக்கும் நேரம் பிந்தி எழுவது கோளாறு இல்லை. அதைச் சரிசெய்யப் புறப்பட்டு நல்ல மோட்டாரைக் கெடுத்தவர்கள் உண்டு.

4. மின்சாரத்தைத் துண்டித்து, கையால் சுற்றிப் பாருங்கள்

விளக்குகளைத் தூக்கும் மின்சுற்றின் ஃபியூஸைப் பிடுங்குங்கள். எம்எக்ஸ்-5-இல் பானெட்டின் கீழ் உள்ள பெட்டியில் அதற்குத் தனிப் பெயர் இருக்கிறது. பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். நெகட்டிவ் முதலில் என்பதற்குக் காரணம் உண்டு: பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் காரின் உடம்பில் பட்டால் தீப்பொறி பறக்கும், நெகட்டிவ் ஏற்கெனவே கழன்றிருந்தால் ஒன்றும் ஆகாது.

இரண்டையும் செய்யச் சொல்வது மிகை போலத் தோன்றலாம். பாதியில் நின்ற விளக்கு தான் பாதியில் நிற்பதை மறப்பதில்லை. துருப்பிடித்த இணைப்பானை நீங்கள் அசைக்கும் கணத்தில் மின்சாரம் கிடைத்தால் மீதிச் சுற்றை முடிக்கப் பார்க்கும். அப்போது விரல் கிராங்குக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருக்கக் கூடாது.

மோட்டாரின் ஒரு முனையில் ரப்பர் மூடி இருக்கும். அதைக் கழற்றினால் கைக் குமிழ். அம்புக்குறி போட்டிருந்தால் அந்தத் திசையில் சுற்றுங்கள். குமிழ் பல்சக்கரத்துக்கு முன்னால், மோட்டாரின் அச்சிலேயே இருப்பதால் விளக்கு முழுதாக எழப் பல சுற்றுகள் தேவைப்படும். பொறுமையாகச் சுற்றுங்கள், ஒரு முழு எழுச்சியும் ஒரு முழு இறக்கமும்.

விரல்களுக்கு வரும் உணர்வில்தான் விஷயம். முழுவதும் ஒரே சீராக இறுக்கமாக இருந்தால் காய்ந்த கிரீஸ். ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் இறுகி, பிறகு தளர்ந்தால் ஏதோ உரசுகிறது, அல்லது லிங்க் வளைந்திருக்கிறது. ஓரிடத்தில் நழுவினால் பல் இல்லை. எந்த இடம் என்பதை மோட்டார் மேல் ஒட்டிய நாடாவில் குறித்து வையுங்கள்.

5. மின்சாரம் வரும் வழியும் திரும்பும் வழியும்

ஃபியூஸைக் கண்ணால் பார்த்து நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். மீட்டரால் பாருங்கள். கால்கள் கறுத்திருந்தால் உப்புத்தாளால் தேயுங்கள், அது உட்காரும் கவ்வியையும் சேர்த்து. எரிந்த ஃபியூஸுக்குப் பதிலாகப் பெரியதைப் போடுவது எங்கும் நடக்கிறது. ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை. பெரியதைப் போட்டால் அடுத்த முறை மோட்டார் அடைபட்டு நிற்கும்போது ஒயர் ஃபியூஸின் வேலையைச் செய்யும்.

ரிலேயை அதே எண் கொண்ட பக்கத்து ரிலேயுடன் மாற்றிப் போட்டுப் பாருங்கள். இதற்கு மேல் அதில் நேரம் செலவிட வேண்டாம்.

எர்த்தில் நேரம் செலவிடுங்கள். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டி நிற்கும் எந்தக் காரிலும் நான் முதலில் சந்தேகப்படுவது எர்த் போல்ட்டைத்தான். வெளியே பார்த்தால் போல்ட்டு இறுக்கமாக இருக்கும். கழற்றினால் ஒயரின் வளையத்துக்கும் தகட்டுக்கும் இடையில் பச்சைக் களிம்பும் வெள்ளை உப்புப் பொடியும் இருக்கும். மீட்டரின் ஒலிச் சோதனையில் இது பிடிபடாது. அந்தச் சோதனைக்குப் போகும் மின்னோட்டம் மிகக் குறைவு, அதற்கு இந்த வழி தாராளம்.

சரியான சோதனை இது. பேட்டரி முனையையும் ஃபியூஸையும் மீண்டும் போடுங்கள். மீட்டரின் ஒரு முனையை மோட்டார் இணைப்பானின் எர்த் ஒயரிலும் மற்றொன்றைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்து, விளக்கை எழச் செய்து, மோட்டார் இழுத்துக்கொண்டிருக்கும்போதே எண்ணைப் படியுங்கள். 0.2 வோல்ட் அளவில் இருந்தால் சரி. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கெட்டிருக்கிறது. பாசிட்டிவ் பக்கத்தையும் இதேபோல் பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து அளக்கலாம். மோட்டார் அசையவே இல்லை என்றால் அதன் இடத்தில் 21 வாட் பல்பை இணைத்து அளந்து பாருங்கள்.

கெட்ட எர்த்தைத் தகடு மின்னும்வரை தேய்த்து, இறுக்கிய பின் மேலே மெல்லிய கிரீஸ் பூசுங்கள். பூசிவிட்டு இறுக்கினாலும் பழுதில்லை. ஆனால் தேய்க்காமல் பூசுவதில் பயனே இல்லை.

மோட்டார் பக்கத்து இணைப்பான் கழல மறுத்தால் ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். முப்பது வயதான பிளாஸ்டிக் நாக்கு உடைந்துவிடும். ஆல்கஹால் விட்டு ஊறவைத்து, நாக்கை அழுத்தியபடி உடலைப் பிடித்து மெல்ல ஆட்டி எடுங்கள்.

6. கீலும் மூட்டும் புஷ்ஷும்

மறுபடியும் ஃபியூஸைப் பிடுங்கி, நெகட்டிவைக் கழற்றுங்கள். கிராங்கிலிருந்து லிங்கைப் பிரியுங்கள். குண்டு மூட்டாக இருந்தால் தட்டையான திருப்புளியை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கொடுத்து நெம்புங்கள். ஒரே பக்கம் நெம்பினால் பிளாஸ்டிக் கிண்ணம் பிளக்கும்.

இப்போது விளக்குக் கூடு மோட்டாரிடமிருந்து விடுதலை பெற்றுவிட்டது. இனி அதைக் கையால் தூக்கலாம். தூக்கி, இறக்கிப் பாருங்கள். அதன் எடையைத் தவிர வேறு எதுவும் கையில் தெரியக் கூடாது. கரகரப்பு தெரிந்தாலோ, விட்ட இடத்தில் அப்படியே நின்றாலோ கீல் அச்சு துருவேறியிருக்கிறது. இதை மோட்டார் இத்தனை நாள் தூக்கிக்கொண்டிருந்தது. புது மோட்டார் போட்டாலும் அதையும் இதே சுமை தின்றுவிடும்.

கீல் அச்சில் துரு இளக்கியை விட்டு ஓர் இரவு விடுங்கள். மறுநாள் அச்சைத் தட்டி எடுத்து, உப்புத்தாளால் மெருகேற்றி, லித்தியம் கிரீஸ் பூசிப் பூட்டுங்கள். டபிள்யூடி-40 மட்டும் அடித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அன்றைக்கு வழுவழுவென்று எழும். அது ஆவியானதும் பழைய கதைதான், இந்தக் காற்றில் முன்பைவிட வேகமாக.

அடுத்து புஷ். லிங்கின் இரு முனைகளிலும் கீலிலும் இருக்கும் பிளாஸ்டிக் வளையங்கள் இவை. பிடித்து ஆட்டினால் லொடலொடவென்று ஆடும். கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: துளை வட்டமாக இருக்காது, ஒரு பக்கம் நீண்டு முட்டை வடிவமாகியிருக்கும். நீண்ட பக்கத்தின் உட்சுவர் கண்ணாடிபோல் மின்னும், எதிர்ப்பக்கம் வார்த்த நாளின் சொரசொரப்போடு அப்படியே இருக்கும். அந்த நீட்சியில் போகும் ஒரு மில்லிமீட்டர், விளக்கின் நுனியில் பல மடங்கு ஆட்டமாகி, சாலையில் ஒளியை நடனமாட வைக்கிறது.

புஷ்ஷை லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கம் லேத் போட்டவர்களுக்கு இது சிறு வேலை. பழைய புஷ்ஷையும் அது உட்காரும் அச்சையும் இரண்டையும் கொண்டுபோங்கள். தேய்ந்த புஷ்ஷின் அளவைப் பார்த்துக் கடைந்தால் தேய்மானத்தையும் சேர்த்துக் கடைந்ததாகிவிடும். அச்சை அளந்து, அதைவிடத் துளை 0.05 முதல் 0.1 மி.மீ. வரை பெரிதாக இருக்கச் சொல்லுங்கள்.

நைலான் தண்டா, டெல்ரினா என்று கேட்பார்கள். டெல்ரின் என்று சொல்லுங்கள். நைலான் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பும். கடைந்த அன்று சரியாகச் சுற்றும் புஷ், ஐப்பசி மழையில் அச்சைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். டெல்ரின் உறிஞ்சும் ஈரம் மிகக் குறைவு. விலையில் வித்தியாசம் இருந்தாலும் இவ்வளவு சிறிய துண்டுக்கு அது ஒரு பொருட்டில்லை. பித்தளையில் கடைந்து தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். அது அச்சைத் தேய்க்கும், புதுக் கிரீஸ் கேட்டுக்கொண்டே இருக்கும். வேண்டாம்.

புஷ்ஷுக்குச் சிலிக்கான் கிரீஸ், இரும்பு மேல் இரும்பு உரசும் இடத்துக்கு லித்தியம். ஒவ்வொன்றிலும் ஒரு பட்டாணி அளவு. அப்பிவிட்டால் மணலும் தூசியும் அதில் குடியேறி உப்புத்தாளாகிவிடும்.

7. வளைந்து வளைந்து அறுந்த ஒயர்

விளக்கு எழுகிறது, ஆனால் எரியவில்லை, அல்லது பாதியில் மினுக்குகிறது என்றால் கூட்டுக்குப் போகும் ஒயர் கற்றையைப் பாருங்கள். ஒவ்வொரு முறை எழும்போதும் அது ஒரே இடத்தில் வளைகிறது. மேலுறை முழுதாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். ஒயரை விரல்களுக்கு நடுவில் வைத்து நகர்த்திக்கொண்டே வாருங்கள். அறுந்த இடத்தில் உள்ளே எலும்பில்லாததுபோல் மெத்தென்று மடங்கும்.

அந்த இடத்தில் முறுக்கி டேப் சுற்றாதீர்கள். பற்றவைத்த இடமும் வளையும் இடத்தில் நிற்காது. ஈயம் ஊறிய ஒயர் விறைத்து அதன் ஓரத்தில் மறுபடி அறும். வளையாத இடம்வரை வெட்டியெடுத்து, நுண்ணிழைகள் நிறைந்த மெல்லிய ஒயரால் மாற்றுங்கள். விளக்கு முழுதாக எழுந்த நிலையிலும் ஒயரில் சிறு தளர்ச்சி இருக்க வேண்டும்.

8. மோட்டாரைக் கழற்றுவது

இதுவரை சொன்னதைச் செய்தும் தீரவில்லை என்றால்தான் இந்தப் படி.

கிராங்கைக் கழற்றும் முன் அதன் நிலையையும் அச்சின் நிலையையும் ஒரே கோடாக நகப்பூச்சால் குறியுங்கள். மார்க்கர் ஆல்கஹாலில் அழிந்துவிடும். இந்தக் கோடு இல்லாமல் கழற்றினால், திரும்பப் பூட்டும்போது விளக்கு மூட வேண்டிய நேரத்தில் திறந்து நிற்கும். நட்டைத் தளர்த்தும்போது கிராங்கைக் குறடால் பிடித்துக்கொண்டு தளர்த்துங்கள். இல்லாவிட்டால் உங்கள் ஸ்பேனரின் விசை முழுவதும் உள்ளே இருக்கும் பல்லுக்குப் போகும்.

வெளியே வந்த மோட்டாரை மேசையில் இறுக்கிப் பிடித்து, 10 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை நடுவில் வைத்து நேரடியாக 12 வோல்ட் கொடுங்கள். இப்படிக் கொடுக்கும்போது நிற்கச் சொல்லும் தட்டு வேலை செய்யாது, சுற்றிக்கொண்டேயிருக்கும். முனைகளைத் தொடுவதும் எடுப்பதுமாகச் சில விநாடிகள் போதும். சுமையின்றி ஒரே சீராக ஓடினால் சுருளும் கார்பனும் (சுற்றும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டுகள்) நன்றாக இருக்கின்றன. கையால் தட்டினால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது என்றால் கார்பன் தேய்ந்துவிட்டது. அதே அளவு கார்பன் கிடைக்காவிட்டால் சற்றுப் பெரிய வைப்பர் மோட்டார் கார்பனை வாங்கி அரத்தால் தேய்த்துப் பொருத்தலாம். தன் கூட்டுக்குள் அது தடையின்றி வழுக்கி இறங்க வேண்டும்.

9. மூடியைத் திறந்தால்

ஸ்க்ரூக்களில் துரு இளக்கி விட்டு ஊறவைத்து, முனையைப் பள்ளத்தில் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டிய பிறகு திருப்புங்கள். மூடி எழும்போது அதனடியில் இருக்கும் வாஷர்கள் ஒட்டிக்கொண்டு வந்து எங்காவது விழும். வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் திறவுங்கள். எந்த வாஷர் எதன் மேல் இருந்தது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாஷர் குறைந்தால் பல்சக்கரம் மேலும் கீழும் ஆடி, வார்மின் விளிம்பில் மட்டும் பல் பதிந்து சீக்கிரம் போய்விடும்.

உள்ளே கிரீஸ் ஒரு காலத்தில் வெளிர் நிறமாக இருந்திருக்கும். இப்போது பனைவெல்லம்போல் பழுத்து இறுகிக் கிடக்கும். அதற்குள் புதைந்திருப்பதுதான் செம்புத் தட்டு. அதன் மேல் சிறு செம்பு விரல்கள் ஊர்ந்து போன தடம் கறுப்பாகத் தெரியும். விரல்கள் நிற்க வேண்டிய இடத்தில் தட்டில் ஓர் இடைவெளி வெட்டப்பட்டிருக்கிறது. விரல் அந்த இடைவெளிக்கு வந்ததும் மின்சாரம் அறும், மோட்டார் நிற்கும்.

கண்சிமிட்டும் கோளாறின் பிறப்பிடம் அந்த இடைவெளி. தேய்ந்த செம்புத் தூள் கிரீஸோடு குழைந்து இடைவெளியை நிரப்பிப் பாலம் போட்டிருக்கும். மின்சாரம் அறாது, மோட்டார் நிற்காது. எதிர்மாறாக, தடத்தின் மேல் கிரீஸ் கெட்டியாகி விரலைத் தூக்கிவிட்டால் பாதியிலேயே மின்சாரம் அறும். ஒரே அழுக்கு, இரண்டு எதிரெதிரான கோளாறுகள்.

மர ஐஸ்கிரீம் குச்சியால் கிரீஸைச் சுரண்டி எடுத்து, ஆல்கஹால் தோய்த்த துணியால் துடையுங்கள். பெட்ரோல், தின்னர் இரண்டும் பிளாஸ்டிக்கைத் தின்னும். தடத்தை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். எழுதிய பென்சிலை அழிக்கும் ரப்பர் போதும். உப்புத்தாள் போடும் கீறல்கள் விரல்களை விரைவில் தேய்த்துவிடும். இடைவெளிக்குள் ஒரு பல்குத்தியை விட்டு, அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். விரல்களின் நுனியைச் சற்றே கீழ்நோக்கி வளைத்தால் தட்டில் மறுபடி அழுந்தி உட்காரும். சற்றே என்றால் சற்றே. பழைய செம்பு இரண்டாவது முறை வளைத்தால் ஒடிந்துவிடும்.

பல்சக்கரத்தில் பல் உடைந்திருந்தால் ஒட்டுப் பசையால் உருவாக்கப் பார்க்காதீர்கள். சக்கரத்தைத் திருப்பி வைத்தால் தேயாத பக்கம் கிடைக்கும் என்ற யோசனையும் இங்கே பலிக்காது. அது சக்கரத்தின் ஒரு பகுதி மட்டும் வேலை செய்யும் மோட்டார்களுக்கானது. எம்எக்ஸ்-5-இல் எழ ஓர் அரை, இறங்க ஓர் அரை என்று எல்லாப் பல்லும் உழைக்கின்றன. சக்கரத்தையோ மோட்டாரையோ மாற்றத்தான் வேண்டும்.

புதுக் கிரீஸைப் பல்லுக்குத் தாராளமாகவும் செம்புத் தட்டுக்கு ஒரு பூச்சாகவும் போடுங்கள். மூடியின் ரப்பர் வளையம் தட்டையாகியிருந்தால் ஓ-ரிங் மாற்றாமல் மூடாதீர்கள்.

10. வெள்ளத்தில் நின்ற காராக இருந்தால்

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வடசென்னையில் நின்ற கார்களில் தண்ணீர் முதலில் புகுந்த இடங்களில் இந்த மோட்டார்களும் உண்டு. மூக்கு தாழ்ந்த கார்களில் இவை அவ்வளவு கீழே இருக்கின்றன. அப்படிப்பட்ட காரை வாங்கினாலோ, இனி ஒரு முறை அப்படி ஆனாலோ, எழுகிறதா என்று பார்க்கச் சுவிட்சைத் தொடாதீர்கள். உள்ளே இருக்கும் உப்பு நீரில் மின்சாரம் பாய்ந்தால் செம்பு விரல்கள் அரித்துவிடும். நேராக எட்டாம் படிக்குப் போங்கள்; ஆனால் மோட்டாரைக் கழற்றியதும் மின்சாரம் கொடுத்துப் பார்க்காமல் ஒன்பதாம் படியைத் தொடங்குங்கள். இந்த ஒரு சூழ்நிலையில்தான் வரிசையை மீறலாம்.

11. பூட்டுவதும் உயரம் வைப்பதும்

மோட்டாரைச் சட்டத்தில் பூட்டி, கிராங்கை நகப்பூச்சுக் கோட்டுக்கு நேராக வைத்து நட்டை இறுக்குங்கள். லிங்கை உடனே மாட்ட வேண்டாம். முதலில் மின்சாரம் கொடுத்துச் சுவிட்சால் எழச் சொல்லுங்கள். வெறும் கிராங்க் அரைச் சுற்றுச் சுற்றி நிற்க வேண்டும். இறங்கச் சொன்னால் மறு அரை. இது சரியாக நடந்தபிறகு மின்சாரத்தைத் துண்டித்து லிங்கை மாட்டுங்கள். சுமையோடு முதல் முறை இயக்கிப் பார்க்கும்போது ஏதாவது தவறு இருந்தால் விளக்கின் மூடி பானெட்டில் இடித்துப் பெயின்ட் போகும். லிங்க் மாட்டிய பின்பும் முதல் ஏற்ற இறக்கத்தைக் கைக் குமிழால் செய்யுங்கள்.

விளக்கின் மூடி மூடியிருக்கும்போது பானெட்டின் மட்டத்துக்கு வர லிங்கின் நீளத்தையோ நிறுத்த போல்ட்டையோ சிறிது சிறிதாக மாற்றுங்கள். எழுந்த நிலையில் கூடு ரப்பர் நிறுத்தத்தில் மெல்ல அழுந்தி நிற்க வேண்டும். அழுந்தாவிட்டால் புது புஷ் போட்டும் ஆடும். அதிகமாக அழுந்தினால் மோட்டார் கடைசி இழையில் முக்கி நிற்கும், ஃபியூஸ் போகும்.

விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. எம்எக்ஸ்-5-க்கு 7 அங்குல வட்ட விளக்கு. அம்பாசடரிலும் ஜீப்பிலும் இருந்த அதே அளவு என்பதால் கண்ணாடி இங்கே தாராளமாகக் கிடைக்கும். அதற்காக ஜீப்புக்கென்று விற்கும் கனத்த எல்.இ.டி. விளக்கை வாங்கி மாட்டாதீர்கள். பின்புறம் நீண்டிருப்பதால் இறங்கும்போது எதிலாவது இடிக்கும். இடிக்காவிட்டாலும் அந்தக் கூடுதல் எடையை ஒவ்வொரு முறையும் தூக்குவது இத்தனை பாடுபட்டுச் சரிசெய்த அதே மோட்டார்தான். எச்4 பல்பு போடும் கண்ணாடி விளக்கே போதும்.

12. ஒளியை நேராக்குவது

லிங்கைத் தொட்டுவிட்டால் ஒளியின் கோணமும் மாறியிருக்கும். இதைச் செய்யாமல் இரவில் எடுத்தால் எதிரில் வருகிறவர் கண் கூசும்.

சமதளமும் எதிரில் வெறும் சுவரும் வேண்டும். மாதவரம், மணலிப் பக்கத்துக் கிடங்குச் சுவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலையில் இதற்கு வசதி. காவலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். டயர்களில் காற்றைச் சரிபார்த்து, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்காரவைத்து, காரைச் சுவரிலிருந்து 5 மீட்டரில் நிறுத்துங்கள். தரையிலிருந்து விளக்கின் நடுப்புள்ளி எவ்வளவு உயரம் என்று அளந்து, சுவரில் அதே உயரத்தில் ஒரு கோடு போடுங்கள். லோ பீம் ஒளியின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 5 செ.மீ. கீழே விழ வேண்டும். 10 மீட்டரில் நிறுத்த இடமிருந்தால் 10 செ.மீ.

பிறகு விளக்கை இறக்கி மறுபடி எழுப்புங்கள். ஒளி அதே இடத்தில் விழுகிறதா என்று பாருங்கள். இடம் மாறினால் இன்னும் எங்கோ ஆட்டம் மிஞ்சியிருக்கிறது, ஆறாம் படிக்குத் திரும்புங்கள்.

கடைசியாக, ஒளியின் விளிம்பு எந்தப் பக்கம் மேலே ஏறுகிறது என்று கவனியுங்கள். நம் சாலைகளுக்கு அது இடப்பக்கம் ஏற வேண்டும். ஜப்பானிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் வந்த கார்களில் அப்படியே இருக்கும். இடப்பக்க ஸ்டியரிங்கோடு வந்த காரில் வலப்பக்கம் ஏறி, எதிரே வரும் லாரிக்காரரின் முகத்தில் அடிக்கும். அதை எந்த ஸ்க்ரூவைத் திருப்பியும் சரிசெய்ய முடியாது. இங்கே விற்கும் 7 அங்குலக் கண்ணாடியை வாங்கி இரண்டு பக்கமும் மாற்றிவிட்டு, சுவருக்கு முன்னால் மீண்டும் ஒரு முறை நிறுத்தி அளவைப் பாருங்கள்.